ஷெயோல் நரகம் அல்ல: பண்டைய எபிரேயர்கள் இறந்தோரைப் பற்றி நம்பியது என்ன?

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 37ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பனின் அழுகை பதிவாகியிருக்கிறது. மகன் யோசேப்பைக் காட்டு மிருகம் கொன்றுவிட்டது என்று நம்பிய யாக்கோபு, பிள்ளைகள் எல்லோரும் வந்து தேற்றியும் தேறாமல், துக்கத்தோடே என் மகனிடம் பாதாளத்தில் இறங்குவேன் என்கிறார். யாக்கோபு ஒரு முழு இனத்தின் முற்பிதா. யோசேப்போ எவருக்கும் தீங்கு நினையாத பதினேழு வயதுப் பிள்ளை. இந்த இருவரும் இறந்தபின் சந்தித்துக்கொள்ளும் இடம் பாதாளம் என்றால், அந்தப் பாதாளம் பாவிகள் எரியும் நரகமாக இருக்க முடியாது.

ஆனாலும் வேதத்தில் பாதாளம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் தீயும் தண்டனையும்தான் எழுகின்றன. பண்டைய எபிரேயர்கள் சொர்க்கத்தையும் நரகத்தையும் நம்பினார்கள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர், அவர்கள் மரணத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள் என்கிறார்கள். இரண்டும் பிழை. அவர்கள் நம்பியது இரண்டுக்கும் வெளியே இருந்த ஒன்று. அதைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் வேலை. இங்கே பண்டைய எபிரேயர் என்பது ஏறத்தாழ கி.மு. 1000 முதல் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை இஸ்ரவேல், யூதா ஆகிய சிறு அரசுகளில் வாழ்ந்த மக்களைக் குறிக்கிறது. யோபு, பிரசங்கி போன்ற பிற்பட்ட நூல்களிலும் அதே நம்பிக்கை பெரிதும் தொடர்வதால், அவற்றிலிருந்தும் சான்று எடுத்திருக்கிறேன்.

குழப்பம் எங்கே தொடங்கியது?

யாக்கோபின் வாயில் எபிரேய மூலம் வைக்கும் சொல் ஷெயோல். இறந்தவர்கள் எல்லோரும் சென்று சேரும், பூமிக்கு அடியில் உள்ள இடம் என்பது அதன் பொருள். எபிரேய வேதத்தில், அதாவது கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்லும் பகுதியில், இச்சொல் ஏறத்தாழ 65 இடங்களில் வருகிறது. அது ஓர் ஊரின் பெயரைப் போலவே கையாளப்படுகிறது. எபிரேயத்தில் பொதுச் சொற்களின் முன் இணைக்கப்படும், ஆங்கிலத்தின் the போன்ற சுட்டு, ஷெயோலுக்கு முன் ஒருபோதும் வருவதில்லை.

1611இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு, இந்த ஒரே சொல்லை 31 இடங்களில் நரகம் என்றும், 31 இடங்களில் கல்லறை என்றும், 3 இடங்களில் குழி என்றும் பெயர்த்தது. நல்லவர் போனால் கல்லறை, கெட்டவர் போனால் நரகம் என்று ஏறக்குறையப் பிரித்துக்கொண்டார்கள். மூலத்தில் அப்படி ஒரு பிரிவே இல்லை. தமிழின் பழைய மொழிபெயர்ப்பு பெரும்பாலும் பாதாளம் என்ற சொல்லைப் பயன்படுத்தினாலும், சங்கீதம் 9:17இல் தேவனை மறக்கிற ஜாதிகளை நரகத்திலே தள்ளுகிறது. அங்கும் மூலச்சொல் ஷெயோல்தான்.

மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தமிழில் வேறு என்ன சொல் இருந்தது? ஆனால் கடன் வாங்கிய சொற்கள் தங்கள் கதைகளையும் சுமந்துகொண்டுதான் வரும். புராணங்களில் பாதாளம் என்பது நாகர்கள் வாழும் செல்வச் செழிப்பான கீழுலகம். அது இறந்தோரின் இருப்பிடம் அல்ல. நரகமோ எமனின் தீர்ப்புக்குப் பின் தண்டனை அனுபவிக்கும் இடம். ஷெயோலில் செழிப்பும் இல்லை, தீர்ப்பும் இல்லை. எனவே இனி இக்கட்டுரையில் மூலச்சொல்லையே பயன்படுத்துகிறேன்.

ஒரு துரவை எட்டிப் பார்த்தால்

ஷெயோலைப் புரிந்துகொள்ள எளிய வழி, அந்த மக்களின் வீட்டு முற்றத்திலிருந்து தொடங்குவதுதான். யூதேயா மலைநாட்டில் மழை குளிர்காலத்தில் மட்டும் பெய்யும். கோடை முழுவதும் வறட்சி. ஆகவே சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, வாய் குறுகலாகவும் அடி அகலமாகவும் நிலத்தடித் தொட்டிகளை வெட்டி, உட்சுவரில் சாந்து பூசி, மழைநீரைச் சேர்த்து வைத்தார்கள். இதற்கு எபிரேயத்தில் போர் என்று பெயர். தமிழ் வேதாகமம் இதைச் சில இடங்களில் குழி என்றும், சில இடங்களில் துரவு என்றும் அழகாகச் சொல்கிறது.

நீர் வற்றிய துரவுக்குள் எட்டிப் பார்ப்பவருக்குத் தெரிவது இருள் மட்டுமே. உள்ளே விழுந்தவர் தானாக ஏறி வர முடியாது, ஏனென்றால் சுவர் மேலே வர வர உட்பக்கமாகக் குவிந்திருக்கும். அவர் எழுப்பும் கூச்சல் மேலே முணுமுணுப்பாகவே கேட்கும். தீர்க்கதரிசி எரேமியாவை அப்படி ஒரு துரவில் கயிறு கட்டி இறக்கியபோது, அதில் தண்ணீர் இல்லை, சேறுதான் இருந்தது, அந்தச் சேற்றில் அவர் அமிழ்ந்தார் என்று எரேமியா நூலின் 38ஆம் அதிகாரம் சொல்கிறது. யோசேப்பை அவருடைய அண்ணன்மார் தள்ளியதும் இப்படிப்பட்ட குழியில்தான்.

சங்கீதங்களிலும் தீர்க்கதரிசன நூல்களிலும் இதே போர் என்ற சொல், ஷெயோலுக்கு மறுபெயராக மீண்டும் மீண்டும் வருகிறது. குழியில் இறங்குகிறவர்கள் என்றாலே இறந்தவர்கள் என்று பொருள். இருள், சேறு, மௌனம், மேலே ஏற முடியாமை ஆகிய ஷெயோலின் இயல்புகள் எல்லாம் அந்த மக்கள் தினமும் தண்ணீர் மொண்ட துரவிலேயே இருந்தன.

அவர்கள் கண்ட உலகமும் இந்தக் கற்பனைக்கு ஒத்துப்போனது. மேலே வானம், நடுவே பூமி, பூமிக்கு அடியில் ஆழத்தின் நீர், எல்லாவற்றுக்கும் கீழே ஷெயோல். அதற்கு வாசல்கள் உண்டு என்று எசேக்கியா ராஜாவின் பாடல் சொல்கிறது. யோனா கடலில் மூழ்கியபோது, ஷெயோலின் வயிற்றிலிருந்து கூப்பிட்டதாகவும், பூமியின் தாழ்ப்பாள்கள் தன்மேல் அடைபட்டதாகவும் வேண்டுகிறார். திரும்பி வராத நாடு என்று மெசொப்பொத்தேமியர்கள் தங்கள் கீழுலகைச் சொன்னார்கள். மண்ணே அங்கு உணவு, இருளே வீடு. எபிரேயரின் ஷெயோல் அந்த வட்டாரத்துக் கற்பனைகளின் நெருங்கிய உறவு. எகிப்தும் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் இறந்தவரின் இதயத்தைத் தராசில் நிறுத்துத் தீர்ப்பளிக்கும் எகிப்தியக் காட்சி எதையும் பழைய எபிரேயப் பகுதிகள் எடுத்துக்கொள்ளவில்லை.

கீழே இறங்குவது ஆத்துமாவா?

உடல் மண்ணுக்குப் போகிறது, ஆத்துமா ஷெயோலுக்குப் போகிறது என்று சொல்லிவிட்டால் நமக்கு எளிதாக இருக்கும். ஆனால் அந்தப் பிரிவினை பழைய எபிரேயர்களுக்கு அந்நியமானது.

தமிழ் வேதாகமம் ஆத்துமா என்று பெயர்க்கும் எபிரேயச் சொல் நெஃபெஷ். மூச்சு ஓடும் தொண்டையையும், அந்த மூச்சால் நிற்கும் உயிரையும், அந்த உயிருள்ள ஆளையும் ஒருசேரக் குறிப்பது இச்சொல். சங்கீதம் 69இன் தொடக்கத்தில், வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது என்று வாசிக்கும்போது, தண்ணீர் எப்படி ஆத்துமா வரை ஏறும் என்று சிறுவயதில் எனக்குப் புரிந்ததே இல்லை. மூலத்தில் அது நெஃபெஷ். வெள்ளம் கழுத்து மட்டும் வந்துவிட்டது, இன்னும் ஒரு சாண் ஏறினால் மூச்சு நின்றுவிடும் என்பதே அந்த வரி. உயிர் தொண்டைக்குழியில் நிற்கிறது என்று நாமும் சொல்கிறோம் அல்லவா, ஏறக்குறைய அந்த உணர்வுதான்.

ஆதியாகமம் 2:7இல் கடவுள் மனிதனை மண்ணினால் உருவாக்கி அவன் நாசியில் சுவாசத்தை ஊதியபோது மனிதன் நெஃபெஷ் ஆனான் என்றே எழுதப்பட்டிருக்கிறது. நெஃபெஷைப் பெற்றான் என்று எழுதப்படவில்லை. ஓர் உடலுக்குள் குடிவைக்கப்பட்ட தனிப்பொருளாக அது காட்டப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணாகமம் 6:6இல் பிரேதத்தைக் குறிக்கவே அதே சொல் வருகிறது.

அப்படியானால் ஷெயோலுக்குப் போவது எது? அந்த மனிதர்தான், ஆனால் வலுவிழந்த நிலையில். எண்ணெய் தீர்ந்தபின் திரியில் சிறிது நேரம் நிற்கும் புகையை நினைத்துக்கொள்ளலாம். விளக்கு முற்றிலும் இல்லாமல் போகவில்லை. ஆனால் வெளிச்சமும் சூடும் போய்விட்டன.

அண்டை நாட்டிலிருந்து கிடைத்த ஒரு கல் இதில் கூடுதல் வெளிச்சம் தருகிறது. துருக்கியின் தென்பகுதியில் உள்ள சின்ஜிர்லியில் 2008இல் கண்டெடுக்கப்பட்ட, கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நினைவுக் கல் அது. கட்டுமுவா என்ற அதிகாரி, இந்தக் கல்லில் இருக்கும் என் நெஃபெஷுக்கு ஆட்டுக்கடா படைக்க வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். அவர் பயன்படுத்திய சொல்லும் இதே வேரைச் சேர்ந்ததுதான். ஆனால் அவர் அதற்கு ஒரு கல்லில் இடம் தந்தார், படையலும் கேட்டார். எபிரேய வேதம் அந்தப் பக்கம் போகத் தயங்கியது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: ஷெயோல் பூமிக்கு அடியில் உள்ள இருண்ட பொது இடம். அங்கே போவது உடலிலிருந்து விடுபட்ட அழியாத ஆத்துமா அல்ல, வலு வற்றிப்போன மனிதர்.

அங்கே இருப்பவர்கள்

யோபு தன் பிறந்த நாளைச் சபிக்கும் 3ஆம் அதிகாரத்தில், தான் கருவிலேயே இறந்திருந்தால் யாரோடு படுத்திருப்பேன் என்று ஒரு பட்டியல் சொல்கிறார். ராஜாக்கள், மந்திரிகள், வீட்டை வெள்ளியால் நிரப்பிய பிரபுக்கள், துன்மார்க்கர், களைத்துப்போனவர்கள், சிறைப்பட்டவர்கள். சிறியவனும் பெரியவனும் அங்கே சரி, அடிமை தன் எஜமானுக்கு நீங்கலாயிருக்கிறான் என்று முடிக்கிறார். துன்மார்க்கரும் அங்கே இருக்கிறார்கள், ஆனால் எரியவில்லை. தொல்லை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

இவர்களுக்கு எபிரேயத்தில் ரெஃபாயீம் என்று பெயர். ஷெயோலில் இருக்கும் வலுவற்ற இறந்தோர் என்று பொருள். இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சிரியாவின் கடற்கரையில் ராஸ் ஷம்ரா என்ற இடத்தில் 1929இல் தொடங்கிய அகழாய்வு, உகாரித் என்ற பழைய நகரத்தின் களிமண் பலகைகளை வெளிக்கொணர்ந்தது. அவற்றில் ஓர் அரசனின் ஈமச்சடங்குப் பாடல் இருக்கிறது. அதில் இதே வேர்ச்சொல்லால் முந்தைய அரசர்கள், பெயர் சொல்லி மரியாதையோடு அழைக்கப்படுகிறார்கள். உகாரித்தில் வல்லமையுள்ள முன்னோர்களைக் குறித்த சொல், எபிரேயத்தில் எழுந்து நிற்கவும் தெம்பில்லாதவர்களைக் குறிக்கலாயிற்று.

ஏசாயா 14ஆம் அதிகாரத்தில் இந்த வீழ்ச்சி ஒரு நாடகக் காட்சியாகவே நடக்கிறது. பாபிலோன் ராஜா இறந்து கீழே வருகிறான். ஷெயோல் பரபரக்கிறது, ரெஃபாயீம் எழுப்பப்படுகிறார்கள், இறந்த ராஜாக்கள் தங்கள் சிங்காசனங்களிலிருந்து எழுந்திருக்கிறார்கள். வரவேற்புக்காக என்று நினைக்கும்போதே, நீயும் எங்களைப் போல் பலவீனமாகிவிட்டாயே என்கிறார்கள். புழுக்கள் அவனுக்குப் பாய், பூச்சிகள் அவனுக்குப் போர்வை. அவனைத் தீயில் போட்டார்கள் என்றோ வாட்டினார்கள் என்றோ ஒரு சொல்லும் இல்லை. மற்றவர்களைப் போல் ஆனதே அவனுக்கு நேர்ந்த அவமானம். எசேக்கியேல் 32இல் மட்டும், வாளால் வெட்டுண்டவர்களும் விருத்தசேதனமில்லாதவர்களும் குழியின் கடைசிப் பகுதிகளில் தனித்தனிக் கூட்டமாகக் கிடப்பதாகச் சிறிது வேறுபாடு தெரிகிறது. அதுவும் மதிப்பில் உள்ள வேறுபாடுதான், வதையில் உள்ளது அல்ல.

ஷெயோலுக்கு ஒரு பசியும் உண்டு. ஏசாயா 5:14இல் அது தன் தொண்டையை, அதாவது தன் நெஃபெஷை, அகலத் திறந்து எருசலேமின் ஆரவாரத்தை விழுங்குகிறது. போதும் என்று ஒருபோதும் சொல்லாதவற்றின் வரிசையில் நீதிமொழிகள் அதை முதலாவதாக வைக்கிறது. உகாரித்தின் கதைகளில் மரணத்தின் தேவன் மோத், ஓர் உதடு பூமியிலும் மறு உதடு வானத்திலும் படும்படி வாய் திறக்கிறான். மரணத்துக்கு எபிரேயச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்த மாவெத்தான். எபிரேயர்கள் அந்தத் தேவனைக் கைவிட்டார்கள். அவனுடைய வாயை மட்டும் ஷெயோலுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வலி இல்லையென்றால் அச்சம் எதற்கு?

துதி நின்றுபோய்விடும் என்பதற்காக. இதுதான் இந்த நம்பிக்கையின் நடுநரம்பு என்று நான் கருதுகிறேன். எசேக்கியா ராஜா சாகும் தறுவாயிலிருந்து மீண்டு, பதினைந்து ஆண்டுகள் கூடுதலாகப் பெற்றபோது பாடிய பாடல் ஏசாயா 38இல் இருக்கிறது. ஷெயோல் உம்மைத் துதியாது, மரணம் உம்மைப் போற்றாது, உயிரோடிருக்கிறவன், உயிரோடிருக்கிறவனே உம்மைத் துதிப்பான் என்கிறார். 6ஆம் சங்கீதம் இதை ஒரு வாதமாகவே கடவுள்முன் வைக்கிறது. மரணத்தில் உம்மை நினைப்பவர் இல்லையே, ஷெயோலில் உமக்கு நன்றி சொல்பவர் யார் என்று கேட்கிறது. என்னைச் சாகவிட்டால் உமக்கு ஒரு பாடகர் குறைந்துபோவார் என்று கடவுளிடம் சொல்லும் துணிவும் நெருக்கமும் அதில் உண்டு. மறுமையில் கடவுளோடு சேர்வேன் என்று உறுதியாக நம்பியவர் இப்படி வேண்டமாட்டார்.

88ஆம் சங்கீதம் இன்னும் கடுமையானது. கல்லறையில் கிடப்பவர்களைக் கடவுள் நினைப்பதில்லை, அவர்கள் அவருடைய கையிலிருந்து அறுக்கப்பட்டவர்கள் என்கிறது. ஆனால் 139ஆம் சங்கீதமோ, ஷெயோலில் படுக்கை போட்டாலும் நீர் அங்கேயும் இருக்கிறீர் என்கிறது. ஆமோஸ் 9இல், அங்கே தோண்டி ஒளிந்தாலும் என் கை பிடித்து இழுக்கும் என்று கடவுளே சொல்கிறார். இரண்டையும் சமரசப்படுத்த வேண்டியதில்லை. கடவுளின் அதிகாரம் அங்கே எட்டும், ஆனால் அவரோடு உறவாடும் வழிபாடு அங்கே இல்லை என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலான வரிகளுக்குப் பொருள் கிடைக்கிறது. எஞ்சும் முரண்களை அப்படியே விட்டுவிடலாம், ஏனென்றால் இவை நூற்றாண்டுகள் இடைவெளியில் பல மனிதர்கள் எழுதியவை.

நீதிக்குக் கூலி மறுமையில் இல்லையென்றால் எங்கே? இம்மையில்தான். நீண்ட ஆயுள், பிள்ளைகள், சொந்த நிலத்தில் விளைச்சல், இறந்தபின் நிலைக்கும் பெயர் ஆகியவையே ஆசீர்வாதம். ஆகவே அவர்கள் நல்ல சாவையும் கெட்ட சாவையும் நுட்பமாகப் பிரித்தார்கள். இதற்கு யாக்கோபே சிறந்த சான்று. மகனை இழந்ததாக நம்பியபோது அவர் ஷெயோலில் இறங்குவேன் என்றார். பல ஆண்டுகள் கழித்து, எகிப்தில் யோசேப்பையும் பேரப்பிள்ளைகளையும் கண்ணாரக் கண்டு, பன்னிரண்டு மகன்களையும் ஆசீர்வதித்து, கால்களைக் கட்டிலின்மேல் மடக்கிக்கொண்டு அவர் உயிர்விட்டபோது, அந்த வசனத்தில் ஷெயோல் என்ற சொல்லே வருவதில்லை. அவர் தம் ஜனத்தாரோடு சேர்க்கப்பட்டார் என்று மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. அகால மரணம், கொலை, துக்கத்தோடு சாவது, பிள்ளையில்லாமல் சாவது ஆகியவற்றைப் பேசும்போதே ஷெயோலின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. எல்லோரும் போகும் இடம்தான், ஆனால் நிறைவோடு போனவர்களைப் பற்றிப் பேசும்போது அதன் பெயரை எடுக்க அவர்கள் விரும்பவில்லை.

சேர்க்கப்படுதல் என்பதைக் கல்லில் பார்த்தல்

ஜனத்தாரோடு சேர்க்கப்படுதல் என்பது வெறும் அலங்காரச் சொல் அல்ல. கி.மு. 8ஆம் நூற்றாண்டு முதல் 6ஆம் நூற்றாண்டு வரை யூதாவில் வசதியுள்ள குடும்பங்கள் பயன்படுத்திய கல்லறைகளுக்குள் போனால் அது கண்ணுக்கே தெரியும். மென்மையான சுண்ணாம்புப் பாறையில் ஒரு சதுர அறை. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே மூன்று பக்கமும் பாறையிலேயே வெட்டிய திண்ணைகள், சிலவற்றில் தலை வைக்கக் குழிவும் உண்டு. பிணத்தைத் திண்ணையில் கிடத்தி, பக்கத்தில் ஒரு விளக்கும் கிண்ணமும் குப்பியும் வைத்து, வாயிலைக் கல்லால் மூடிவிடுவார்கள். சதை அழிந்து எலும்பு மட்டும் எஞ்சியபின், அடுத்தவர் இறந்து இடம் தேவைப்படும்போது, முந்தையவரின் எலும்புகளைத் திரட்டித் திண்ணைக்கு அடியில் வெட்டிய சேமிப்புக் குழியில் இடுவார்கள். அங்கே தாத்தாவின் எலும்பும் கொள்ளுப்பாட்டியின் எலும்பும் ஏற்கெனவே கிடக்கும். இவர் அவர்களோடு சேர்க்கப்படுவார். ஏழைகளுக்கு இந்த வசதி இல்லை. கீதரோன் பள்ளத்தாக்கில் பொதுஜனங்களின் பிரேதக் குழிகள் இருந்ததை 2 இராஜாக்கள் 23 குறிப்பிடுகிறது.

எருசலேமின் சில்வான் கிராமத்தில் ஒரு கல்லறை வாசலின் மேலிருந்து 1870இல் கிளெர்மோன்-கன்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். 1953இல் நாஹ்மான் அவிகாத் அதைப் படித்துக் காட்டினார். அரண்மனை விசாரிப்புக்காரர் ஒருவருடைய கல்லறை அது. அவர் பெயரின் பின்பாதி மட்டுமே எஞ்சியிருக்கிறது. இங்கே வெள்ளியும் பொன்னும் இல்லை, அவருடைய எலும்புகளும் அவரோடு அவருடைய அடிமை மனைவியின் எலும்புகளும் மட்டுமே உள்ளன, இதைத் திறக்கிறவன் சபிக்கப்பட்டவன் என்று அது சொல்கிறது. தன் ஆத்துமா எங்கே போகும் என்பதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. எலும்புகள் கலைக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதே அவர் கவலை.

புதைக்கப்படாமல் கிடப்பதைவிடக் கொடியது அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை. 2 சாமுவேல் 21இல் ரிஸ்பாள் என்ற தாய், கொல்லப்பட்டு மலையில் விடப்பட்ட தன் இரண்டு மகன்களின் உடல்களுக்குப் பக்கத்தில், பாறைமேல் இரட்டுத்துணியை விரித்து உட்கார்ந்தாள். அறுப்பின் தொடக்கம் முதல் மழை பெய்யும்வரை, பகலில் பறவைகளும் இரவில் மிருகங்களும் அணுகாதபடி காத்தாள். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் தாவீது ராஜா எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார்.

இங்கே ஒரு கணம் நிறுத்தி நினைவுகூரலாம்: இறந்தவர் ஷெயோலில் இருக்கிறார் என்பதும், குடும்பக் கல்லறையில் முன்னோரோடு இருக்கிறார் என்பதும் அவர்களுக்கு ஒன்றோடொன்று மோதவில்லை. கல்லறை, ஷெயோலின் குடும்ப வாசல் போல இருந்தது.

எந்தோரில் ஓர் இரவு

இறந்தோரோடு பேச முடியுமா? சட்டம் அதைக் கடுமையாகத் தடுக்கிறது. லேவியராகமமும் உபாகமமும் மீண்டும் மீண்டும் தடுப்பதிலிருந்தே மக்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று தெரிகிறது. உபாகமம் 26:14இல், தசமபாகம் செலுத்துபவர் இதிலிருந்து இறந்தவருக்கு எதையும் படைக்கவில்லை என்று உறுதிகூற வேண்டியிருக்கிறது. அந்த வழக்கமே இல்லாத ஊரில் அப்படி ஓர் உறுதிமொழிக்குத் தேவை எழாது.

1 சாமுவேல் 28ஆம் அதிகாரம் இந்த உலகை நமக்குக் கிட்டத்தில் காட்டுகிறது. மறுநாள் பெலிஸ்தரோடு போர். சவுல் ராஜாவுக்குக் கடவுளிடமிருந்து எந்தப் பதிலும் வரவில்லை. வேஷம் மாறி, இரண்டு பேரோடு இரவில் எந்தோருக்குப் போகிறார். அங்கே இருந்த பெண்ணை நம் பழைய மொழிபெயர்ப்பு அஞ்சனம் பார்க்கிறவள் என்கிறது. மை போட்டுப் பார்ப்பது காணாமற்போன பொருளுக்கு. மூலத்தில் அவள் ஓவை உடையவள். ஓவ் என்பது இறந்தவரை அழைத்துப் பேச வைக்கும் ஆவி அல்லது அதற்கான வழி. இப்படிப்பட்டவர்களை நாட்டிலிருந்து துரத்தியவரே சவுல்தான். பயந்த பெண்ணுக்கு ஆணையிட்டு, இறந்துபோயிருந்த தீர்க்கதரிசி சாமுவேலை எழும்பிவரச் செய் என்கிறார்.

பூமிக்குள்ளிருந்து தெய்வத்தன்மையுள்ள ஓர் உருவம் ஏறிவருவதை அவள் காண்கிறாள். எப்படி இருக்கிறார் என்று சவுல் கேட்க, சால்வை போர்த்த முதியவர் என்கிறாள். சாமுவேலின் தாய் சிறுவயதில் அவருக்கு ஆண்டுதோறும் தைத்துக் கொடுத்த அங்கிக்கும், பின்னாளில் சவுல் பிடித்திழுத்துக் கிழித்த அங்கிக்கும், இங்கே வரும் போர்வைக்கும் எபிரேயத்தில் ஒரே சொல். சவுல் உடனே புரிந்துகொண்டு தரையில் விழுகிறார்.

சாமுவேலின் முதல் கேள்வி, என்னை ஏன் கலைத்தாய் என்பது. அவர் பேரின்பத்திலிருந்து வரவில்லை, வேதனையிலிருந்தும் வரவில்லை. உறக்கம் கலைக்கப்பட்ட முதியவரின் எரிச்சல் அது. பிறகு அவர் சொல்கிறார்: நாளைக்கு நீயும் உன் மகன்களும் என்னோடு இருப்பீர்கள். வாழ்நாளெல்லாம் கடவுளுக்கு உண்மையாக இருந்த தீர்க்கதரிசியும், கடவுளால் தள்ளப்பட்ட ராஜாவும், அந்த ராஜாவின் மகன், நல்லவனான யோனத்தானும் ஒரே இடத்துக்குப் போகிறார்கள். ஷெயோல் நரகம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான வரி எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் ஏமாற்றினாள் என்று கதை சொல்லவில்லை. இறந்தவர் ஒன்றும் அறியார் என்று பிரசங்கி 9:5 சொல்ல, இங்கே இறந்தவர் நாளைய போரின் முடிவை அறிந்திருக்கிறார். தடை செய்யப்பட்டது பலிக்காது என்பதால் அல்ல, பலித்தாலும் கடவுளைத் தவிர வேறிடத்தில் பதில் தேடக் கூடாது என்பதால்தான். கதையின் முடிவில் அவள் செய்வதையும் சொல்லியாக வேண்டும். நாள் முழுவதும் சாப்பிடாமல் தரையில் கிடந்த ராஜாவை வற்புறுத்தி எழுப்பி, வீட்டில் இருந்த கொழுத்த கன்றை அடித்து, மாவு பிசைந்து புளிப்பில்லாத அப்பம் சுட்டுக் கொடுக்கிறாள். சவுல் உண்ட கடைசி உணவாக வேதம் பதிந்திருப்பது அதுதான்.

நரகம் எப்போது நுழைந்தது?

நல்லவனுக்கு நீண்ட ஆயுள் என்ற கணக்கு உடைந்தபோது. கி.மு. 167ஐ ஒட்டி, நான்காம் அந்தியோகஸ் என்ற அரசன் யூதச் சட்டங்களைத் தடைசெய்தான். சட்டத்தைக் காத்தவர்கள் அதனாலேயே கொல்லப்பட்டார்கள். நீதிமானாக இருந்ததே இளமையில் சாவதற்குக் காரணமானபோது, இம்மைக் கூலி என்ற பழைய விளக்கம் போதவில்லை. அந்தக் காலத்தில் இறுதி வடிவம் பெற்ற தானியேல் நூலின் 12:2இல், மண்ணில் உறங்குகிறவர்களில் பலர் விழித்தெழுவார்கள், சிலர் நித்திய வாழ்வுக்கும் சிலர் நித்திய நிந்தைக்கும் என்று எழுதப்பட்டது. எபிரேய வேதத்தில் இவ்வளவு தெளிவாக இரு முடிவுகளைப் பிரிக்கும் இடம் இது ஒன்றே. ஏனோக்கின் பெயரால் வழங்கும் நூலின் 22ஆம் அதிகாரம் இதற்குச் சற்று முன்பே, தீர்ப்பு நாள்வரை இறந்தோரின் ஆவிகள் காத்திருக்கும் தனித்தனிக் குகைகளை விவரித்திருந்தது. பொது அறையாக இருந்த ஷெயோலுக்குள் தடுப்புச் சுவர்கள் எழுந்தன. எல்லோரும் இதை ஏற்கவில்லை. முதல் நூற்றாண்டிலும் யூதப் பிரிவினரில் பரிசேயர் உயிர்த்தெழுதலை நம்ப, சதுசேயர் மறுத்தனர்.

இதற்கிடையில் வேதம் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டபோது ஷெயோல் பெரும்பாலும் ஹேடீஸ் ஆயிற்று. பழைய கிரேக்கரின் ஹேடீஸும் எல்லா இறந்தோரும் போகும் மங்கிய இடம்தான் என்பதால், அது நல்ல தேர்வே.

நரகத்துக்கான சொல் வேறிடத்திலிருந்து வந்தது. எருசலேமின் தெற்கே இன்னோம் பள்ளத்தாக்கு உண்டு. எபிரேயத்தில் கே-ஹின்னோம், அதன் கிரேக்க வடிவம் கெஹென்னா. அங்கே தோப்பேத் என்ற இடத்தில் பிள்ளைகளைத் தீயில் பலியிட்டார்கள் என்று எரேமியா கண்ணீரோடு கண்டிக்கிறார். யோசியா ராஜா அந்த இடத்தைத் தீட்டுப்படுத்தி ஒழித்தார். அந்த நெருப்பின் நினைவுதான் பிற்காலத்தில் துன்மார்க்கருக்கான தண்டனை இடத்தின் பெயரானது. புதிய ஏற்பாட்டில் இயேசு எச்சரிக்கும் நரகம் இந்தக் கெஹென்னாவே, ஷெயோல் அல்ல. அங்கே நகரத்தின் குப்பை எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தது என்ற விளக்கம் பிரசங்கங்களில் மிகவும் பரவலானது. அதற்குப் பண்டைய சான்று எதுவும் இல்லை. கி.பி. 1200ஐ ஒட்டி வாழ்ந்த தாவீது கிம்ஹி என்ற யூத உரையாசிரியரிடம்தான் அது முதலில் காணப்படுகிறது.

இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிற்கும் பாறைத் தோளுக்குக் கெதெஃப் ஹின்னோம் என்று பெயர். 1979இல் கபிரியேல் பார்காய் அங்கே மேலே சொன்ன வகைக் கல்லறைகளை அகழ்ந்தார். பெரும்பாலானவை கொள்ளை போயிருந்தன. ஒரு சேமிப்புக் குழி மட்டும், மேற்கூரை இடிந்து தரைபோல் தெரிந்ததால் தப்பியிருந்தது. எலும்புகளுக்கும் மண்பாண்டங்களுக்கும் நடுவே, சுருட்டுத் துண்டு அளவிலான இரண்டு வெள்ளித் தகடுகள் சுருட்டிய நிலையில் கிடைத்தன. அவற்றை உடையாமல் பிரிக்கவே மூன்று ஆண்டுகள் ஆயின. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தவை. கழுத்தில் கட்டிய தாயத்துகளாக இருக்க வேண்டும். மயிரிழைபோல் கீறிய எழுத்துகளில் எண்ணாகமம் 6இல் உள்ள ஆசாரிய ஆசீர்வாதம் இருந்தது: கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர், கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரகாசிக்கச் செய்யக்கடவர். பிற்காலத்தில் நரகத்துக்குப் பெயர் கொடுத்த பள்ளத்தாக்கின் விளிம்பில், அப்படி ஒரு நரகத்தை அறிந்திராத ஒரு குடும்பம், வெளிச்சம் வேண்டும் அந்த வரிகளைத் தன் முன்னோரின் எலும்புகளோடு இருளில் விட்டுச் சென்றிருந்தது.